கலங்கல் வருகிறதா பார்

குற்றாலம் பேரருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு திரும்புகிறவர்கள் பார்ப்பது சிற்றாற்றின் கடைசிக் குதிப்பை. அதே ஆறு திரிகூட மலையில் அதற்கு முன்பே இரண்டு இடங்களில் விழுந்து எழுந்துதான் வருகிறது. மேலே தேனருவி, அதற்குக் கீழே செண்பகாதேவி, பிறகுதான் பேரருவி. செண்பகாதேவிக்குக் கீழேயிருந்து சுமார் 2 கிலோமீட்டர். சிற்றருவிப் பக்கமாக ஏறுகிற காட்டுப்பாதை. நல்ல நாளில் பிள்ளைகள்கூட ஏறிவிடுவார்கள். சித்ரா பௌர்ணமிக்குச் செண்பகாதேவி அம்மனைக் கும்பிட, வயதான பெண்கள் தூக்குச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பாதையில் வருஷக்கணக்காக ஏறி இறங்குகிறேன். வனத்துறை திறந்துவைக்கிற காலங்களில், அவர்கள் அனுப்புகிற ஆளோடு, பெரும்பாலும் முதல்முறை காடு ஏறுகிற ஒரு சிறு கூட்டத்தை அழைத்துக்கொண்டு போவேன். வருகிறவர்கள் கேட்பதெல்லாம் என்ன ஷூ, எவ்வளவு பெரிய பை, அட்டைக்கு என்ன மருந்து என்றுதான். அவற்றை ஒரு சாயங்காலத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அருவிக்கு நடப்பதில் உள்ள தொழில் தண்ணீரைப் பார்க்கத் தெரிவது. அதற்குத்தான் வருஷங்கள் ஆகும். சிகரம் ஏறுகிறவன் நோக்கிப் போகிற உச்சி நகர்வதில்லை. அருவிக்குப் போகிறவனுக்கோ, புறப்பட்டபோது இருந்த அருவி போய்ச் சேரும்போது இருப்பதில்லை.

எங்கள் தென்காசியில் அந்தப் பார்வை மொட்டைமாடியிலேயே தொடங்கிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டுத்தான் மலையைத் தாண்டுகிறது. அதனால் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஆனியும் ஆடியும் வறண்ட மாதங்கள். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் மட்டும் வேறு கணக்கு. ஆரியங்காவுக் கணவாயில் மலைச்சுவர் தாழ்ந்து இடம் விடுவதால் காற்று ஈரம் குறையாமல் இந்தப் பக்கம் நுழைந்துவிடுகிறது. அதுதான் சாரல். அதைத்தான் ஊர் சீசன் என்கிறது. காலையில் மாடியில் நின்றால் மலையின் மேல்விளிம்பைத் தாண்டி மேகம் வழிந்து இறங்குவது தெரியும். எவ்வளவு தூரம் இறங்கிக் கரைகிறது என்று பார்ப்பேன். விளிம்பிலேயே கரைந்தால் மேலே தூறல். பாதி மலைவரை இறங்கி நின்றால் காட்டுக்குள் நல்ல மழை. மலையே தெரியாமல் சாம்பல் நிறமாகக் கிடந்தால் அன்றைக்குப் புறப்பாடு கிடையாது. ஊரில் அப்போது வெயிலடித்துக்கொண்டிருக்கலாம். அதை நம்பக் கூடாது. மழை பெய்கிற இடம் ஒன்று, வெள்ளம் வந்து சேருகிற இடம் வேறொன்று.

மழையிலும் குணம் பார்க்க வேண்டும். சாரல் மழை நாள்கணக்கில் விட்டுவிட்டுத் தூறும். அருவி மெல்ல ஏறி, ஏறிய அளவிலேயே நிற்கும். காட்டு மண்ணும் சருகும் அதைக் குடித்துக் குடித்து விடுவதால் தண்ணீர் தெளிந்தே வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அடைத்துப் பெய்யும்போது ஆற்றின் முகமே மாறிவிடும். அந்த நாட்களில் அருவிப்பாதையை நினைக்கவே வேண்டாம். நான் மிகவும் அஞ்சுவது சித்திரை, வைகாசியில் பிற்பகலில் இடியோடு பெய்கிற கோடைமழைக்கு. மலை காய்ந்து கிடக்கும், மழை ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் கொட்டும், சரிவு செங்குத்து. கூரைத் தண்ணீர் தாழ்வாரத்துக்கு வருவதுபோல அத்தனையும் ஒரே ஓடைக்கு வந்து சேரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் இப்படித்தான் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடினார்கள், 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். கோடையில் அருவிக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்ற செய்தி பரவினால் ஊர் சந்தோஷப்படும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பையனின் வயது.

அடுத்த பார்வை சோதனைச்சாவடியில் இருக்கிற வாச்சருடையது. அவர் என்னைவிட இளையவர், என்னைவிட அதிகம் தெரிந்தவர். ஒரு நாள் காலை, வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

“அண்ணாச்சி, இன்னைக்கு வேண்டாம்” என்றார்.

“ஏன்டே, மேகமே இல்லையே?”

“ராத்திரி மேல மின்னிச்சு. காலைல தண்ணி பாத்தேன், நெறம் சரியில்ல. நாளைக்கு வாங்க.”

கூட வந்தவர்களில் இரண்டு பேர் சென்னையிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். முகம் வாடிப் போயிற்று. நான் மறுபேச்சுப் பேசவில்லை. மத்தியானத்துக்குள் தண்ணீர் ஏறியதா இல்லையா என்பது முக்கியமே இல்லை. ஓடையைத் தினமும் பார்க்கிற ஒருவன் நிறம் சரியில்லை என்று சொன்னால், அதற்கு மேல் எனக்கு ஆதாரம் தேவையில்லை. அன்று அவர்களைத் தென்காசிக் கோயிலுக்கு அழைத்துப் போனேன்.

நடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்ன எட்டாக வைத்து, பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் ஏறினால் போதும். பேச்சு நின்று மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். பாறையில் வெளுத்த இடம் காலைப் பிடிக்கும். கறுத்து மினுங்குகிற இடம் பாசி, அங்கே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷூவும் வழுக்கும். வழவழப்பான சரிவில் வைப்பதைவிட இரண்டு கல்லுக்கு நடுவே பள்ளத்தில் பாதத்தை ஊன்றுவது நல்லது. கையை எங்கே வைக்கிறோம் என்பது காலைவிட முக்கியம். மழைக்காலத்தில் மலபார் குழிவிரியன் ஓடையோரச் செடிகளிலும் பாறை விளிம்பிலும் அசையாமல் மணிக்கணக்கில் கிடக்கும். பச்சை, பழுப்பு, மஞ்சள் என்று பல நிறங்களில் உண்டு. பாசியோடும் சருகோடும் அப்படியே ஒத்துப்போகும். அது துரத்தி வந்து கடிக்கிற பாம்பு இல்லை. பார்க்காமல் கிளையைப் பிடிக்கிறவனின் கைதான் அதனிடம் போகிறது. பிடிக்கும் முன் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் பாதிக் காடு பழகியாயிற்று.

அட்டையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. காலுறையின் மேல் விளிம்பில் உப்பையோ ஈரப் புகையிலையையோ தேய்த்துக்கொண்டால் போதும். கடித்துவிட்டால் பிய்க்க வேண்டாம். நகத்தை அதன் வாயருகே வழித்துக் கொண்டுபோனால் கழன்றுவிடும். இரத்தம் உறையவிடாத ஒரு பொருளை அது செலுத்துவதால் கடிவாய் கொஞ்ச நேரம் கசியும். ஈரமான, நிழல் அடர்ந்த காட்டில்தான் அட்டை செழிக்கும். அட்டை இருக்கிற பாதையில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு.

பாதி வழியில் ஒரு வளைவில் எல்லோரையும் நிறுத்திவிடுவேன். கீழே பேரருவியின் இரைச்சல் மறைந்து, மேலே செண்பகாதேவியின் சத்தம் இன்னும் காதுக்கு எட்டாத இடம் அது. பேசாமல் நின்றால் ஓடையின் சொந்தக் குரல் கேட்கும். கல்லிடுக்கில் கொப்பளிப்பது ஒன்று, அகலமான பாறையில் சரசரத்து வழிவது ஒன்று, குழியில் விழுந்து திணறுவது ஒன்று. திரும்பி வரும்போது இதே இடத்தில் நின்று மறுபடி கேட்க வேண்டும் என்று சொல்லிவைப்பேன். கொப்பளிப்பு கேட்காமல் மொத்தமும் ஒரே இரைச்சலாகியிருந்தால், மேலே ஏதோ நடந்திருக்கிறது. கல் மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது.

அந்த இடத்தில் சில நாள் சீகாரப் பூங்குருவி பாடும். கருநீல உடம்பு, தோளிலும் நெற்றியிலும் பளீரென்ற நீலம். ஆள் யாரோ மனம்போன போக்கில் சீட்டியடித்துக்கொண்டு காட்டுக்குள் போகிறான் என்றுதான் முதலில் தோன்றும். புதிதாக வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். ஓடையோரப் பறவை, அருவிப் பக்கத்துப் பாறை இடுக்கில் கூடு கட்டும். தண்ணீர் இரைச்சலுக்கு மேலாகவும் கேட்கிற குரல் அதற்கு உண்டு. நமக்கு அது கிடையாது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அருவி அடியில் காது உதவாது. இரண்டடி தள்ளி நிற்பவர் கத்தினாலும் கேட்காது. மேலே வெள்ளம் புறப்பட்டு வருகிற சத்தமும் அருவியின் சத்தத்துக்குள்ளேயே அமுங்கிவிடும். ஆகவே செண்பகாதேவிக்குச் சற்று முன்பே நான் கைச்சைகைகளைச் சொல்லிக்கொடுத்துவிடுவேன். கை உயர்த்தி விரித்தால் நில். தலைக்கு மேல் வட்டம் போட்டால் எதையும் எடுக்காதே, பை கிடந்தாலும் கிடக்கட்டும், உடனே மேட்டுக்கு ஏறு. இந்த மலைத்தொடரின் ஓடைகளில் இதே முடிவுக்கு வந்த ஒரு தவளை இனம் உண்டு. கட்டைவிரல் அளவே இருக்கும். ஈரப்பாறையில் உட்கார்ந்துகொண்டு பின்னங்காலை நீட்டி, விரல்களை விசிறியாக விரித்துக் காட்டிவிட்டு மடக்கிக்கொள்ளும். நடனத் தவளை என்கிறார்கள். இரைச்சலில் குரல் எடுபடாத இடத்தில் ஆண் தவளை இன்னொரு தவளைக்குக் காலால் செய்தி சொல்கிறது. 2014இல் சத்யபாமா தாஸ் பிஜுவும் அவர் குழுவினரும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த வகையில் 14 புதிய இனங்களை விவரித்தார்கள். ஓடைக்கரையில் அசையாமல் உட்காரத் தெரிந்தால்தான் அதைப் பார்க்க முடியும்.

செண்பகாதேவி உயரமான அருவி இல்லை. பேரருவி 60 மீட்டர் என்றால் இது அதில் ஒரு சிறு பங்கு. ஆனால் பாறைகள் சூழ, மரங்கள் கவிந்து நிற்க, தண்ணீர் ஒரே கட்டாகக் கசத்தில் வந்து விழுகிறது. ஆற்றில் ஆழமாகக் குழிந்த இடத்தை எங்கள் பக்கம் கசம் என்போம். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை உட்காருவது. தண்ணீரைத் தொடக்கூட விடமாட்டேன். கால் மணி நேரம் பார்க்க வேண்டும். கரையோரமாகப் பாதி முங்கிய ஒரு கல்லை ஆளுக்கொன்றாகக் குறித்துக்கொள்ளச் சொல்வேன். அந்தக் கல்லில் ஈரக்கோடு எங்கே இருக்கிறது, அதற்கு மேல் காய்ந்த பகுதி எத்தனை விரற்கடை? அங்கே இருக்கிற நேரம் முழுக்க, எது பேசினாலும் எது தின்றாலும், கண் அடிக்கடி அந்தக் கல்லுக்குப் போய்வர வேண்டும்.

கல் ஒரு சாட்சி. வேறு சாட்சிகளும் உண்டு. அருவியின் பிரதான வீழ்ச்சிக்குப் பக்கத்தில் காய்ந்திருந்த பாறையில் புதிதாக ஒரு நூல் தண்ணீர் இறங்கினால் மேலே மட்டம் கூடிவிட்டது. கசத்தில் பச்சை இலையும் சுள்ளியும் சேர்ந்து வர ஆரம்பித்தால் கரையை அரித்துக்கொண்டு தண்ணீர் வருகிறது. காற்றே இல்லாத இடத்தில் ஈரமண் வாசனையோடு ஒரு குளிர்ந்த வீச்சு வந்தால் கவனம். எல்லாவற்றுக்கும் மேல் நிறம். தெளிந்த தண்ணீரின் ஓரத்தில் டிகாக்ஷன் கலந்த மாதிரி ஒரு மங்கல் முதலில் தெரியும். அதைத்தான் கலங்கல் என்கிறோம். அது நடுவுக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது. இன்னொன்று, பலரும் யோசிக்காதது: காரணமில்லாமல் தண்ணீர் குறைந்தாலும் எழுந்துவிட வேண்டும். விழுந்த மரமோ சருகுக் குவியலோ மேலே அடைத்துக்கொண்டு நிற்கலாம். அடைப்பு உடைந்தால் சேர்ந்த தண்ணீர் மொத்தமாக வரும்.

உட்காருகிற இடத்திலும் எனக்கு விட்டுக்கொடுக்காத ஒரு விதி உண்டு. திரும்பும் பாதை எந்தக் கரையில் இருக்கிறதோ அந்தக் கரையில்தான் உட்காருவேன். அக்கரைப் பாறை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. முழங்காலளவுத் தண்ணீரைத் தாண்டிப் போனவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் அது இடுப்பளவாகிவிட்டால் காட்டில்தான் இரவு. தாண்டியே ஆக வேண்டிய ஓடையாக இருந்தால் தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கம்பை ஊன்றி, ஒரு காலை எடுத்தால் மற்றக் காலும் கம்பும் தரையில் இருக்கும்படி பக்கவாட்டில் நகர வேண்டும். பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிட வேண்டும். விழுந்தால் பை போகட்டும், ஆள் மிஞ்ச வேண்டும்.

குளிக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: கீழே போய்ப் பேரருவியில் குளியுங்கள். பேரருவியில் தண்ணீர் மேலேயிருந்து நேராகத் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் நம் தலைக்கு வருகிறது. அதனால்தான் அத்தனை உயரத்து அருவிக்கு அடியில் குழந்தைகளும் நிற்க முடிகிறது. தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் போலீஸ்காரர்கள் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். செண்பகாதேவியில் அப்படி ஒரு தடுப்பு கிடையாது. கசத்துக்குள் பாறை எங்கே குடைந்து போகிறது, நீர் எங்கே கீழே இழுக்கிறது என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களுக்குத்தான் அது அதிக ஆபத்து; தெரியாதவன் கரையில் நின்றுவிடுவான்.

குளிக்காமல் என்ன செய்வது என்று கேட்பவர்களைத் தெறிப்பு விழுகிற பாறைப் பக்கம் அழைத்துப் போவேன். அருவியின் தெறிப்பு எட்டுகிற தூரம்வரை ஒரு தனிக் காடு, விரற்கடை உயரத்தில். பாசி, ஈரல்செடி, மெல்லிய தண்டில் காசித்தும்பையின் காட்டு இனங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் விரைவோடைகளில் இன்னொரு செடியும் உண்டு. மழைக்காலம் முழுக்க வேகமான தண்ணீருக்கு அடியில் பாறையை ஒட்டிக்கொண்டே கிடக்கும். பார்த்தால் பாசி, விரலால் தடவினால் பாறையின் சொரசொரப்பு. யாரும் அதைச் செடி என்று சொல்லமாட்டார்கள். மழை ஓய்ந்து மட்டம் இறங்கி, பாறை வெளியே தெரிந்ததும், சில நாட்களுக்குள் அவசரமாகப் பூத்துக் காய்த்துவிடும். விதை அடுத்த மழைக்குப் பாறையிலேயே ஒட்டிக் காத்திருக்கும். போடோஸ்டெமேசியே என்பது அதன் குடும்பம். மிதித்து நடக்கிற பாறையில் இப்படி ஒன்று உயிரோடு இருக்கிறது என்று தெரிந்த பிறகு யாரும் பழைய மாதிரி நடப்பதில்லை. அடுத்த அடியை எங்கே வைப்பது என்று குனிந்து பார்க்கிறார்கள். அதுவும் பாதுகாப்புக்கு நல்லது.

கீழே பேரருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்று தடை இருக்கிறது. இங்கே தடைப் பலகை வைக்க ஆளில்லை. கொண்டுவருபவரே யோசிக்க வேண்டும். இந்தத் தண்ணீர் பேரருவியோடு முடிவதில்லை. அணைக்கட்டு அணைக்கட்டாகப் பிரிந்து, குளங்களை நிரப்பி, கார் நெல்லுக்கும் பிசான நெல்லுக்கும் பாய்ந்து, மிச்சம் சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேருகிறது. இதே மலைத்தொடரில் இயற்கை அருவிகளின் நீரைத் திருப்பிச் செயற்கை அருவி உண்டாக்கிய தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்க 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. அருவியைப் பார்க்க நடந்து போகச் சோம்பி, அருவியை வீட்டுக்கு இழுத்துவர நினைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

செண்பகாதேவிவரை வந்தவர்கள் கட்டாயம் கேட்பார்கள்: தேனருவிக்கு எப்போது போகலாம்? நான் அழைத்துப் போவதில்லை. அங்கே செல்லத் தடை இருக்கிறது, அந்தத் தடை சரியானது. பாறை முகத்தில் மலைத்தேனீக்களின் அடைகள் தொங்குவதால்தான் அந்தப் பெயர். அவை கிளம்பினால் ஓட வழியில்லாத சரிவு. யானையும் கரடியும் நடக்கிற காடு. இரகசியமாகக் கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் அவரோடு எங்கேயும் போகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை முன்பதிவோடு திறந்தார்கள். குற்றாலம்–செண்பகாதேவியும் அதில் ஒன்று. உள்ளூர்க்காரர்களும் பழங்குடி இளைஞர்களும் வழிகாட்டிகளாக வருகிறார்கள். விதி கெடுபிடியாக இருக்கிறது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த முணுமுணுப்பில் உடன்பாடு இல்லை. காட்டின் நாட்காட்டி தெரிந்தவன் அன்றன்றைக்குத் திறந்து மூடட்டும்.

இறக்கம் ஏற்றத்தைவிடக் கடினம். முட்டி நடுங்கும், மனம் சாப்பாட்டுக்குப் போய்விடும், விழுபவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். பிற்பகல் மேகம் கட்டுவதற்கு முன்பே கிளம்பிவிடுவேன். அந்த வளைவில் நிறுத்தி ஓடையை மறுபடி கேட்கச் சொல்வேன். கொப்பளிப்பு கேட்கிறதா, கேட்கிறது, நடக்கலாம்.

சோதனைச்சாவடியில் பெயரை அடித்துவிட்டுப் போவதோடு வேலை முடியாது. ஆளை எண்ணிக் காட்டிய பிறகு, குறித்த கல்லில் காய்ந்த பகுதி காலையில் எத்தனை விரற்கடை, கிளம்பும்போது எத்தனை, எந்த வளைவில் யானை லத்தி கிடந்தது, அது ஈரமா காய்ந்ததா, பாதையில் புதிதாக மரம் சாய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வாச்சரிடம் சொல்வேன். அவர் தன் நோட்டில் எழுதிக்கொண்டு கேட்பார்: “தண்ணி எப்படி அண்ணாச்சி?” நாளைக்குக் காலையில் இன்னொரு கூட்டம் முன்பதிவு செய்திருக்கும். தெளிவு என்றால் தெளிவு, மங்கல் என்றால் மங்கல் என்று பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸுக்கு நடப்பேன்.